ஹார்டு டிஸ்க்கை முறைப்படி பிரதி எடுத்துத் தர வேலூர் பக்கம் யாராவது உண்டா?

வணக்கம். வேலூர் லாங் பஜாரில் சித்தப்பாவுக்கு மொத்த மளிகைக் கடை. பிரிந்துபோன கூட்டாளி, கடைக் கம்ப்யூட்டரில் இருந்த கணக்கை அழித்துவிட்டார். வழக்கு சத்துவாச்சாரி நீதிமன்றத்தில் இருக்கிறது.

அழித்த கோப்பு, அதன்மேல் வேறெதுவும் எழுதப்படாதவரை ஹார்டு டிஸ்க்கில் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். அதனால் கம்ப்யூட்டரை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டோம். தெரிந்த பையன் ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டுப் பார்க்கிறேன் என்கிறான்; தொடவே விடவில்லை. ஒருமுறை ஆன் செய்தாலே விண்டோஸ் தன்பாட்டுக்கு எதையாவது எழுதும், கோப்புகளின் தேதியும் மாறலாம். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதுமே!

அப்புறம், மின்னணு ஆதாரத்தோடு நீதிமன்றத்தில் தர வேண்டிய சான்றிதழ். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு (பழைய சட்டத்தில் 65பி) அதை இரண்டு பகுதியாகக் கேட்கிறது. முதல் பகுதியில் சித்தப்பா கையெழுத்திடுவார். இரண்டாவதை, ஹாஷ் மதிப்போடு (தரவு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் கணக்கிட்ட குறியீடு), நிபுணர்தான் தர வேண்டும்.

டிஸ்க்கில் எதையும் எழுதவிடாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் கருவியை மாட்டி முழு டிஸ்க்கையும் பிரதி எடுத்து, அந்தச் சான்றிதழும் தந்து, தேவைப்பட்டால் கூண்டேறிச் சாட்சி சொல்லவும் தயாராக இருப்பவர் வேண்டும். காட்பாடி, ராணிப்பேட்டையில் யாரையாவது தெரியுமா? சென்னை என்றாலும் சரி, நாங்களே கொண்டு வருகிறோம். கட்டணம் சுமாராக எவ்வளவு ஆகும் என்றும் சொல்லுங்கள்.