அம்மாவின் மண்ணீரலையும் எடுக்க வேண்டுமாம்

மூத்த மகள், தஞ்சாவூர்:
அம்மாவுக்கு வயது 58. சினைப்பைப் புற்றுநோய். கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் கீமோ மருந்துகள் மூன்று சுற்று முடிந்துவிட்டது. ரத்தத்தில் இந்த நோயின் அளவைக் காட்டும் சி.ஏ. 125 நன்றாக இறங்கியிருக்கிறது. ஆனால் ஸ்கேனில் மண்ணீரலை ஒட்டிய கட்டி மட்டும் அசையவில்லை. கருப்பை, சினைப்பைகளோடு மண்ணீரலையும் எடுத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். "எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் எதை வைத்துக்கொண்டு வாழ்வது?" என்று அம்மா அழுகிறார். அதை மட்டும் விட்டுவைக்கக் கூடாதா?

மதுரைக்காரி:
மண்ணீரல் இல்லாத நான் இப்போதுதான் வாசலில் கோலம் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லம்மா. அதன் வேலையில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மற்ற உறுப்புகளும் பார்த்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியும் கட்டி எதையும் மிச்சம் வைக்காமல் எடுப்பதுதான் இந்த அறுவை சிகிச்சையின் நோக்கமே. ஒன்றை விட்டுவைத்தால் வயிற்றைத் திறந்ததன் பலன் குறைந்துபோகும்.

மண்ணீரல் இல்லாவிட்டால் சில கிருமிகளை எதிர்க்கும் சக்தி குறையும். அதனால் நீ கேட்க வேண்டியது தடுப்பூசி பற்றி. நிமோகாக்கல், மெனிங்கோகாக்கல், ஹிப் என்ற மூன்று கிருமிகளுக்கான தடுப்பூசிகளையும் முடிந்தால் அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே போட வேண்டும். கீமோவுக்கு இடையில் எப்போது என்பதை மருத்துவரே குறிக்கட்டும். என் டிஸ்சார்ஜ் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மருமகள் சண்டை போட்டுக் கேட்டு வாங்கினாள்.

கணையத்தின் வால் மண்ணீரலை உரசிக்கொண்டிருக்கும். அதில் கீறல் விழுந்தால் கணைய நீர் கசியும். எனக்கு இடப்பக்கம் குழாய் வைத்து, வடிந்த நீரில் கணைய நீரின் அமைலேஸ் நொதி இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதை எடுத்தார்கள். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களும் விறுவிறுவென ஏறின. ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டார்கள். பயந்துவிடாதே, எதிர்பார்ப்பதுதான்.

அறுவைப் பிரிவுச் செவிலியர்:
கட்டி மண்ணீரலின் மேலுறையில் மட்டும் இருக்கிறதா, உள்ளே இறங்கிவிட்டதா என்று கேளுங்கள். மேலுறையோடு நின்றால் மூன்றாம் நிலை. உள்ளே இருந்தால் நான்காம் நிலையில் 4பி. தாளில் நான்கு என்று பார்த்ததும் அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்று நினைத்துவிட வேண்டாம். வீடு திரும்பிய பின் குளிர்காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குக் கொண்டு வாருங்கள்.

மூத்த மகள், தஞ்சாவூர்:
நன்றி அக்கா. வியாழக்கிழமை மருத்துவரிடம் எல்லாவற்றையும் கேட்கிறேன். வீட்டில் நாய் இருக்கிறது. அனுப்பிவிட வேண்டுமா?

மதுரைக்காரி:
நாய் பாட்டுக்கு இருக்கட்டும். கடித்துவிட்டால் மட்டும் வெறிநாய்க்கடி ஊசியோடு திரும்பிவிடாமல், மண்ணீரல் இல்லை என்று சொல்லி அன்றே ஆன்டிபயாடிக் மாத்திரையும் வாங்கு.