ஏ.ஆர்.ஆர்.எல். யாருக்காகப் பேசுகிறது?

அட்டிக் ஆன்டெனா (டல்லஸ் பக்கம்):
ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோ ஆள் நான்; ஜெனரல் என்ற இடைநிலை லைசென்ஸ். எங்கள் குடியிருப்பில் வெளியே ஒரு கம்பி தெரிந்தாலே எச்.ஓ.ஏ. என்ற வீட்டு உரிமையாளர் சங்கத்திடமிருந்து கடிதம் வந்துவிடும். அதனால் 40 மீட்டர் அலைவரிசைக்கான டைபோல் கம்பி ஆன்டெனா, கூரைக்கு அடியில் அட்டிக்குள், இரண்டு முனையும் மடங்கி, ஏசி குழாயை உரசிக்கொண்டு கிடக்கிறது. ரேடியோவில் இரைச்சல் தாங்கவில்லை.

அமெரிக்க ஹாம்களின் தேசியச் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல்.லின் ஆண்டுச் சந்தா 2024-இல் 49 டாலரிலிருந்து 59 ஆனது. அவர்கள் பத்திரிகை கியூ.எஸ்.டி. அச்சில் வேண்டுமென்றால் மேலே 25. காசு கிடக்கட்டும். அமெரிக்காவில் லைசென்ஸ் ஏழு லட்சத்துக்கு மேல். உறுப்பினர்கள் ஐந்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம். அப்புறம் எப்படி எல்லா ஹாம்கள் பெயரிலும் பேசுகிறார்கள்?

பழைய சாவி:
இது இன்று நேற்றுக் கதையா? 1963-இல் லைசென்ஸ் தரும் அரசு ஆணையமான எஃப்.சி.சி.யிடம் போய், மேல்நிலை லைசென்ஸுக்கு அலைவரிசையில் தனி இடம் ஒதுக்கச் சொன்னதே இவர்கள்தான். 1968-இல் அது நடைமுறைக்கு வந்தபோது, ஜெனரல்காரர்கள் அதுவரை பேசிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு பகுதி போயிற்று. எங்கள் கிளப் பெரியவர்களிடம் இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுக்க முடியாது.

இரவு நேர எஃப்.டி.8:
நல்லதையும் சொல்லுங்கள். டேட்டா அனுப்பும் வேகத்துக்கு இருந்த 300 பாட் வரம்பை நீக்கக் கேட்டு 2013-இல் மனுப் போட்டது அவர்கள்தானே? 2023-இல்தான் கிடைத்தது. பத்து வருஷம் தனி ஆள் எவன் விடாமல் நிற்பான்? எஃப்.சி.சி.க்கு நீங்களும் நானும் நேரடியாகக் கருத்து அனுப்பலாம். உலக அளவில் அலைவரிசைகளைப் பங்கிடும் ஐ.டி.யு. மாநாட்டில் அது நடக்காது, அங்கே ஹாம்களுக்காகப் பேசுவது சர்வதேசக் கூட்டமைப்பான ஐ.ஏ.ஆர்.யு.தான். அதில் நாட்டுக்கு ஒரு சங்கத்துக்குத்தான் இடம், அமெரிக்காவுக்கு அது ஏ.ஆர்.ஆர்.எல்.

அட்டிக் ஆன்டெனா:
அது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் வயிற்றெரிச்சல், எச்.ஓ.ஏ. குடியிருப்புகளிலும் ஹாம்கள் ஆன்டெனா வைக்க வழிசெய்யும் மசோதாதான். எச்.ஓ.ஏ. தரப்போடு பேசி ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். வெளியில் ஆன்டெனா வைக்கலாம், ஆனால் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று வாசகம் சேர்ந்தது. 2017-இல் கீழவையில் நிறைவேறியும் செனட்டைத் தாண்டவில்லை. அனுமதி கேட்டு நிற்கப்போவது என்னைப் போன்றவன். அந்த வாசகம் வேண்டுமா என்று எங்களை யார் கேட்டது?

பழைய சாவி:
ஏ.ஆர்.ஆர்.எல்.லில் உங்கள் பகுதியான வெஸ்ட் கல்ஃப் டிவிஷனின் டைரக்டருக்கு இதையே எழுதுங்கள் தம்பி. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உறுப்பினர் ஓட்டில் வருகிறவர் அவர். பல டிவிஷன்களில் எதிர்த்து நிற்கவே ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.

அட்டிக் ஆன்டெனா:
எழுதுகிறேன் அண்ணா. ஓட்டுக்காக 59 கட்டிவிடுகிறேன். அச்சுப் பத்திரிகை வேண்டாம்.