ஓகஸ்டில் மலையகத்தில் டென்ட் அடிக்க எந்தப் பக்கம் நல்லது? கூடவே ஒரு கெம்பர் வானும் வருகிறது

வெள்ளவத்தைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். ஓகஸ்ட் பள்ளி விடுமுறையில் அண்ணா குடும்பம் கனடாவிலிருந்து வருகிறது. எல்லாரும் சேர்ந்தால் 11 பேர். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. எல்லாரிலும் சின்னவனுக்கு 4 வயது. அண்ணா அங்கே ஆர்வியில் (படுக்கை, குசினி எல்லாம் உள்ள வண்டி) போய்த் தங்கிப் பழகியவர், இங்கேயும் அதே மாதிரி வேண்டுமாம். விசாரித்ததில் ஹையேஸ் வானுக்குள் கட்டிலும் குட்டிக் குசினியும் வைத்து வாடகைக்கு விடும் ஒருவர் கிடைத்தார், அதில் அம்மாவும் அண்ணியும் சின்னவனும், மற்றவர்கள் டென்டில் என்பது திட்டம். நுவரெலியா பக்கம் இடம் தேடினால் எல்லாப் படமும் ஒன்றுபோலவே இருக்கிறது: கீழே மேகம், ஆரஞ்சு நிற டென்ட், யாரோ ஒருவரின் கையில் தேநீர்க் கோப்பை. கழிவறையை மட்டும் ஒருவரும் படம் பிடிக்கவில்லை. மகனோ ஹோர்டன் சமவெளிக்குள்ளேயே தங்க வேண்டும் என்று நச்சரிக்கிறான். போய் வந்தவர்கள், எதைப் பார்த்து இடத்தைத் தெரிவு செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

டொல்பின்காரன்:
அக்கா, முதலில் உங்கள் அண்ணாவிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். கனடாவில் வண்டியை நிறுத்தியதும் தண்ணீர்க் குழாயைக் கொழுவி, கரண்டைக் கொழுவி, போகும்போது கழிவையும் அதற்கென்று கட்டிய இடத்தில் இறக்கிவிட்டுப் போவார்களே, அப்படி ஒரு இடத்தை இத்தனை வருடம் இந்த மலைகளில் வான் ஓட்டியும் நான் கண்டதில்லை. எனக்குக் கிடைத்ததெல்லாம் இடத்துக்காரரின் வீட்டிலிருந்து புல்லின் மேல் இழுத்து வந்த ஒரு நீள வயர்தான். மழை பெய்த புல், 230 வோல்ட், பக்கத்தில் ஓடித் திரியும் பிள்ளைகள். கரண்ட் கசிந்தால் தானாக விழும் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, அழுத்தினால் விழுகிறதா என்று பார்க்காமல் கொழுவ வேண்டாம். அண்ணி அங்கிருந்து கெட்டில் கொண்டுவந்தால் அது 120 வோல்ட்டுக்குச் செய்தது, இங்கே போட்டால் புகைதான் வரும்.

அடுத்தது கடைசி மூன்று கிலோமீற்றர். பெரிய ரோட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை, பெரகலையிலிருந்து அப்புத்தளை, பண்டாரவளை போகும் ஏ16 வளைவு நிறைந்தது என்றாலும் நல்ல ரோட்டு. அதிலிருந்து தோட்டத்துப் பாதையில் திரும்பின பிறகுதான் கதை. ஒரு வாகனம் போகும் அகலம், ஒரு பக்கம் கான், மறுபக்கம் பள்ளம், எதிரே கொழுந்து லொறி வந்தால் நீங்கள்தான் பின்னால் எடுக்க வேண்டும். இடத்துக்காரர் எல்லாரும் போனில் 'கார் வரும்' என்றுதான் சொல்வார்கள். கார் வரும் சரி, கட்டிலும் தண்ணீர்த் தாங்கியும் ஏற்றிய உயரமான வான் வருமா? அந்தக் கடைசித் துண்டை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அனுப்பாவிட்டால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். வான் நிற்கும் தரை புல்லா, கல் போட்டதா என்றும் கேளுங்கள். போன வருடம் ஒரு இடத்தில் புல்லில் நிறுத்திவிட்டுப் படுத்தேன், இரவு மழை, காலையில் பின் சில்லு இரண்டும் பாதி உள்ளே. ட்ரக்டர் பிடித்து வெளியே இழுக்கும் வரைக்கும் அந்த ஓனர் 'இதுதான் முதல் தடவை' என்று சொல்லிக்கொண்டே நின்றார்.

இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வர வேண்டாம் என்று அண்ணாவிடம் சொல்லுங்கள், சின்ன கியரில் இறங்க வேண்டும். அவர் வலப்பக்கம் ஓடிப் பழகியவர் வேறு. முடிந்தால் ட்ரைவரோடு எடுங்கள்.

கொழுந்துமலை:
நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். நீங்கள் நுவரெலியாவா, ஹட்டனா, எல்லவா என்று ஊரை வைத்துத் தேடுகிறீர்கள், எங்கள் கணக்கு மாதத்தை வைத்துத்தான். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் காற்று கொண்டுவரும் மழையெல்லாம் மேற்குச் சரிவில் கொட்டும்: கினிகத்தேனை, நோர்வூட், மஸ்கெலியா, ஹட்டன். மலை முகட்டைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது மழை தீர்ந்துபோய் காய்ந்த காற்றாக வரும். ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுவது ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை, மேற்குச் சரிவின் திம்புள்ளத் தேயிலைக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை என்று சொல்வதெல்லாம் இதனால்தான். தேயிலைக்கு நல்ல மாதம்தான் டென்டுக்கும் நல்ல மாதம். ஓகஸ்ட் என்றால் வெலிமடை, பண்டாரவளை, எல்ல பக்கம் போங்கள்.

ஆனால் காற்று. அப்புத்தளை முகட்டில் அந்த மாதம் அடிக்கும் காற்றுக்கு டென்ட் நிற்காது, நின்றாலும் அதற்குள் யாரும் தூங்க மாட்டார்கள். வியூ பொயின்ட் என்று விளம்பரம் போடும் இடமெல்லாம் காற்றுக்கு நேரே நிற்கும் இடம். முகட்டுக்குக் கொஞ்சம் கீழே, மறைவான பக்கமாகப் பாருங்கள். மறைவு என்று யூக்கலிப்டஸ் மரத்துக்கு அடியில் மட்டும் போட வேண்டாம், கிளை சொல்லிக்கொண்டு விழாது.

அப்புறம் குளவி. வெளியூர் ஆட்கள் சிறுத்தையைப் பற்றித்தான் கேட்பார்கள், எங்கள் ஆட்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது குளவி. டென்ட் அடிக்க முன் மேலே மரத்தையும் பின்னால் பாறையையும் அண்ணாந்து பாருங்கள், கூடு இருந்தால் சத்தமில்லாமல் வேறு இடம் போங்கள். அதற்குக் கீழே அடுப்பு மூட்டிப் புகை போட்டால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆற்றங்கரை, அருவிக்கரை இடங்கள் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இங்கே வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை பெய்திருக்கும், தண்ணீர் கலங்கி வந்தால் யோசிக்காமல் மேலே ஏறுங்கள். மண்ணை வெட்டிச் சமப்படுத்திய இடம் என்றால் மேலே உள்ள சரிவில் வெடிப்பு இருக்கிறதா, மரம் சாய்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள், மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டம். மஞ்சளிலேயே நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக மாட்டேன். அவசரத்துக்கு 117, அம்புலன்சுக்கு 1990.

லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பக்கத்தில் தங்கினால் இரவில் பாட்டுப் பெட்டியைக் கொஞ்சம் அடக்குங்கள். காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பேர் கொடுக்க) போக வேண்டிய சனம்.

நாலு பிள்ளை அம்மா:
மேலே இருவரும் சொன்னது சரி, ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே! இருப்புக் கழிவறையா, குந்தும் கழிவறையா? டென்டிலிருந்து எத்தனை படி இறங்க வேண்டும்? இரவில் வெளிச்சம் உண்டா? எங்களுக்கு ஒரு இடத்தில் 40 படி. மாமி பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தண்ணீரே குடிக்கவில்லை. அடுத்த நாளே பக்கத்தில் ஒரு அறை எடுத்துக் கொடுத்தோம். நானாக இருந்தால் ஒரு அறையாவது உள்ள இடமாகத்தான் எடுப்பேன், மழை வந்தாலும் பிள்ளைகளை உள்ளே போடலாம்.

அட்டை ஏறாமல் இருக்க மேஸுக்கு (காலுறைக்கு) மேலே சவர்க்காரம் தேய்த்துவிடுங்கள், சித்தாலேப்பத் தைலமும் பூசலாம். கடித்தால் பிய்க்க வேண்டாம், நகத்தால் மெல்லத் தள்ளிவிட்டால் போதும். பிள்ளைகள் கத்தும் கத்தல்தான் பெரிய கடி.

வெள்ளவத்தைக்காரி:
எல்லாருக்கும் நன்றி. ஊவாப் பக்கம் என்று முடிவு செய்துவிட்டோம். அறையும் உள்ள இரண்டு இடங்களுக்குப் போன் பண்ணினேன். ஒருவர் உடனே பாதை வீடியோ அனுப்பினார், மற்றவர் 'மேடம் வந்து பாருங்களேன்' என்கிறார். மகனுக்குத்தான் ஹோர்டன் சமவெளி போச்சே என்று முகம் தொங்கிவிட்டது.

கொழுந்துமலை:
தங்கச்சி, வீடியோ அனுப்பினவரை எடுங்கள். சமவெளி 2,100 மீற்றர் உயரம், ஓகஸ்டில் மேலே மூடுபனியும் தூறலும் காற்றும்தான், நாலு வயதுப் பிள்ளையோடு அங்கே இரவு தங்குவதை நினைக்காதீர்கள். உள்ளே தங்குவதென்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும், அதை மகனுக்கு ஜனவரி, பெப்ரவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். புல்லில் உறைபனி விழும் காலம், அவனுக்கு அதுதான் பிடிக்கும். இந்த முறை விடிய முன்னே வெளிக்கிட்டு பொரலந்தை, ஒஹியா வழியாகப் போய் சமவெளியின் ஓரத்தில் உள்ள உலக முடிவு என்ற பெரும் பள்ளத்தைப் பார்த்துவிட்டு வரட்டும், ஒன்பது மணிக்குப் பிறகு பெரும்பாலும் வெள்ளைத் திரைதான். பொலித்தீன் ஒன்றும் கொண்டுபோக வேண்டாம், வாசலில் சோதிப்பார்கள்.

டொல்பின்காரன்:
அந்த ஒஹியா ஏற்றத்துக்குக் கட்டில் வானைக் கொண்டுபோக வேண்டாம். பண்டாரவளையில் சின்ன வாகனம் ஒன்று பேசுங்கள். வரும்போது கண்டிப் பக்கமாக வரும் யோசனை இருந்தால் பெரஹரா ஊர்வல நாட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் ஒருமுறை கட்டுகஸ்தோட்டையில் மூன்று மணித்தியாலம் நின்றிருக்கிறேன்.