முல்லைத்தீவு விண்கல் என்று விற்கிறார்கள், வாங்கலாமா?

உப்புவெளியான்: திருமலை (திருகோணமலை) டவுனில் ஒருவர் 1795இல் முல்லைத்தீவில் விழுந்த விண்கல்லின் துண்டு என்று ஒன்றை வைத்திருக்கிறார். ஒரு பக்கம் கடதாசி போல மெல்லிய கறுப்புத் தோல், வெட்டிய முகத்தில் மினுங்கும் இரும்புப் பொட்டுகள், காந்தமும் பிடிக்கிறது. அசல்தான் என்று நினைக்கிறேன்.

நிலாவெளிக்காரன்: தம்பி, அவசரப்பட வேண்டாம். புல்மோட்டைக் கறுப்பு மண்ணில் கிடக்கும் மக்னடைட் என்ற இரும்புத் தாதையும் காந்தம் பிடிக்கும், பட்டறைக் கசடையும் பிடிக்கும். டைல்ஸின் அடிப்பக்கத்தில் உரசினால் ஹெமடைட் என்ற இன்னொரு இரும்புத் தாது செம்பழுப்பாகக் கோடு விடும், மக்னடைட் கருஞ்சாம்பலாக விடும், உடைந்த விண்கல் பெரும்பாலும் கோடே விடாது.

உப்புவெளியான்: உரசிப் பார்த்தாயிற்று அண்ணை, கோடு இல்லை. கசடில் இருக்கும் குமிழி ஓட்டையும் இல்லை. பிறகென்ன?

நிலாவெளிக்காரன்: சரி, விண்கல் என்றே வையுங்கள். அது முல்லைத்தீவில்தான் விழுந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? முல்லைத்தீவுக் கல் எல் (L) வகைக் கொண்ட்ரைட், அதாவது கல் விண்கற்களில் இரும்பு குறைந்த ஒரு வகை. ஆய்வகத்தில் கல்லிலுள்ள ஒலிவின் என்ற கனிமத்தில் இரும்பு எவ்வளவு என்று அளந்து எல் வகை என்பார்கள், அதற்கு மேல் ஊர்ப் பெயர் கல்லுக்குள் எழுதியிருக்காது. பூமியில் அடிக்கடி விழுவதே அந்த வகைதான், சஹாராவில் பொறுக்கியது மொரோக்கோ வழியாக உலகமெங்கும் போகிறது.

சாம்பல்தீவு: எல்லாக் கல்லும் அப்படியில்லை. இரும்பு விண்கற்களில் காலியம், ஜெர்மானியம், இரிடியம் அளவை வைத்து, அர்ஜென்டினாவின் கம்போ டெல் சியலோவையும் 1947இல் ரஷ்யாவில் விழுந்த சிகோட்டே அலினையும் வேறு வேறு கூட்டம் என்று பிரிக்கிறார்கள். இன்னொன்று, பலத்த காந்தத்தை ஒட்டாதீர்கள், கல்லுக்குள் இருக்கும் பழைய காந்தப் பதிவு அழிந்துவிடும்.

நிலாவெளிக்காரன்: கூட்டம் தெரியும், ஒரே கூட்டத்தில் பல கற்கள் இருக்கின்றனவே. தம்பி, அந்த இரும்புப் பொட்டைச் சுற்றித் துரு வளையம் இருக்கிறதா? பாலைவனத்தில் நெடுநாள் கிடந்த கல்லில் அப்படி இருக்கும்.

உப்புவெளியான்: இருக்கிறது, நன்றாகச் சிவந்து. ஆனால் எங்கள் கடற்காற்றில் அலமாரிக்குள் வைத்த இரும்பே துருப்பிடிக்குமே, அதை வைத்துப் பாலைவனக் கல் என்று தீர்க்க முடியாது.

நிலாவெளிக்காரன்: தீர்க்க முடியாதுதான், அதனால்தான் கல் வந்த வழியைக் காட்டும் கடதாசியைக் கேட்கச் சொல்கிறேன். 1795இல் விழுந்ததென்றால் எந்தத் தொகுப்பிலிருந்து வெட்டினார்கள், யார் கைமாற்றினார்கள், பழைய லேபிளில் எழுதிய எடையும் இந்தத் துண்டின் எடையும் பொருந்துகிறதா, தோலில் அருங்காட்சியக எண் எழுதியிருக்கிறதா? ஒன்றுமே இல்லையென்றால் பெயரில்லாத எல் வகைக்குரிய விலைக்கு மேல் ஒரு சதமும் கொடாதீர்கள்.

உப்புவெளியான்: லேபிளையும் புதிதாக அடிக்கலாம் அண்ணை, எனக்கு வெட்டு முகம்தான் முதல் சாட்சி. ஆனாலும் விலை பேசும் முன் அந்தத் தாளைக் கேட்கிறேன்.