ஜப்பானியக் கிராமங்களில் பூட்டிக் கிடக்கும் பண்ணை வீடுகளும் களஞ்சியங்களும்: ஏன் இடிக்காமலும் விற்காமலும் விட்டுவிடுகிறார்கள்?

கேள்வி:

சென்ற அக்டோபரில் குன்மா மாகாணத்தில், அகட்சுமா ரயில் பாதையை ஒட்டிய மலைக்கிராமம் ஒன்றில் அரை நாள் நடந்தேன். சாலையின் இருபுறமும் பெரிய இரண்டு மாடி மரவீடுகள் இருந்தன. அவற்றுள் பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. கூரை முகட்டின்மேல் இன்னொரு சிறு கூரையை ஏற்றி வைத்தாற்போன்ற அமைப்பு பல வீடுகளில் இருந்தது. கதவு சாய்ந்துபோன ஒரு கொட்டகையைச் சாலையில் நின்றபடியே எட்டிப் பார்த்தேன். உத்தரத்திலிருந்து மரச்சட்டங்கள் வரிசையாகத் தொங்கின; ஒவ்வொரு சட்டத்திலும் சிறு சிறு சதுர அறைகளாகப் பிரிக்கப்பட்ட அட்டைகள் செருகப்பட்டிருந்தன. அவற்றின் கீழே துருவேறிய பவர் டில்லர் ஒன்று, நேற்றுத்தான் நிறுத்தியது போல, கைப்பிடியில் துணி சுற்றியபடி நின்றது.

அந்தச் சட்டங்கள் என்ன என்பதையும், இவ்வளவு பெரிய வீடுகளைக் கட்டியவர்களின் வாழ்க்கை எப்படி இப்படி ஆனது என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். யாரும் இல்லாத வீட்டை ஏன் விற்பதுமில்லை, இடிப்பதுமில்லை என்பதும் எனக்குப் புரியவில்லை.

முதல் பதில்:

நீங்கள் பார்த்தது பட்டுப்புழு கூடு கட்டுவதற்கான சுழல் சட்டம், நண்பரே. ஜப்பானிய மொழியில் அதை மபுஷி என்பார்கள். முதிர்ந்த புழு மேல்நோக்கி ஏறும் இயல்புடையது. எல்லாப் புழுக்களும் மேலே சேர்ந்ததும் எடை தாங்காமல் சட்டம் தானாகவே சுழன்று, காலியான அறைகள் மேலே வரும். இப்படி ஓர் அறைக்கு ஒரு கூடு என்று ஒழுங்காக அமைந்துவிடும். முகட்டின்மேல் நீங்கள் கண்ட சிறு கூரை, மாடியில் வளர்ந்த புழுக்களுக்குக் காற்று வருவதற்கானது. அதாவது, அந்த வீட்டின் மாடி மனிதர்களுக்காகக் கட்டப்பட்டதே அன்று. 1929-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானில் ஏறத்தாழ 22 லட்சம் குடும்பங்கள் பட்டுப்புழு வளர்த்தன. உழவர் குடும்பங்களில் ஐந்தில் இரண்டு என்று சொல்லலாம். அமெரிக்கச் சந்தையின் வீழ்ச்சி, அதன் பின்னர் நைலான், போர்க்காலத்தில் உணவுப் பயிருக்காக வெட்டப்பட்ட மல்பெரித் தோட்டங்கள், பிற்காலத்தில் மலிவான இறக்குமதி என்று அடி மேல் அடி விழுந்தது. இன்று நாடு முழுவதும் இருநூறுக்கும் குறைவான குடும்பங்களே இத்தொழிலில் எஞ்சியுள்ளன.

ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆட்கள் வெளியேறியதால் கட்டடங்கள் காலியாயின என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். நான் நாகானோ மாகாணத்தில் வசித்த ஆண்டுகளில் கண்டது வேறு. ஒவ்வொரு கட்டடமும் ஒரு வேலைக்காகக் கட்டப்பட்டது. அந்த வேலை போன அன்றே அது காலியாகிவிட்டது, வீட்டில் ஆறு பேர் வாழ்ந்துகொண்டிருந்தபோதும்கூட. 1950-களின் பிற்பகுதியில் பவர் டில்லர் பரவியதும் மாட்டுத் தொழுவம் காலியானது. 1970-களில் நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தன. நெல் உலர்த்தும் பணி கூட்டுறவு நிலையங்களுக்குச் சென்றது. தானியம் காத்த தடித்த மண்சுவர்க் களஞ்சியத்தில் பழைய பாயும் பீங்கானும் அடைந்தன. என் பக்கத்து வீட்டுப் பாட்டி தம் தொழுவத்தைக் கடைசிவரை "மாட்டின் அறை" என்றே சொல்லி வந்தார். அங்கே மாடு நின்று ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பனி தள்ளும் கருவிதான் இருந்தது.

ஆட்கள் வெளியேறியதும் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. 1950-களின் நடுவிலிருந்து பள்ளி முடித்த பதினைந்து வயதுப் பிள்ளைகளை வடகிழக்கு மாகாணங்களிலிருந்து தோக்கியோவின் உவேனோ நிலையத்துக்குத் தனி ரயில்களில் வேலைக்கு அழைத்துச் சென்றார்கள். தந்தையர் குளிர்காலத்தில் கட்டுமான வேலைக்குப் போனார்கள். தாத்தா, பாட்டி, அம்மா ஆகிய மூவர் மட்டுமே வயலைப் பார்க்கும் நிலைக்கு 1960-களிலேயே "மூன்று சான் உழவு" என்று பெயர் வைத்துவிட்டார்கள்; இம்மூவரையும் அழைக்கும் ஜப்பானியச் சொற்கள் "சான்" என்றே முடியும். ஒரு ஹெக்டேர் அளவேயான நிலத்தை, தொழிற்சாலையில் வேலை பார்த்த மகன் மே மாதத் தொடக்கத்தில் வரும் தொடர் விடுமுறையில் வந்து நட்டுக் கொடுத்து, மேலும் ஒரு தலைமுறைக்குக் காப்பாற்றினான். இன்று அந்த மகனுக்கே எழுபது வயது. உழவையே முதன்மைத் தொழிலாகக் கொண்டோர் 2000-இல் 24 லட்சம் பேர். 2024-இல் 11 லட்சத்துச் சொச்சம் பேர், சராசரி வயது 69.

இரண்டாம் பதில்:

விற்பதும் இடிப்பதும் பற்றி மட்டும் சொல்கிறேன். உடன் பணியாற்றும் ஜப்பானிய நண்பர் ஒருவருக்குத் தாத்தா வீட்டின் பங்கு வந்து சேர்ந்தபோது, அந்த ஆவணங்களைப் படித்துப் புரிந்துகொள்ளப் பல மாதங்கள் அவருடன் உட்கார்ந்திருக்கிறேன்.

வீடு நிற்கும் மனைக்கு முதல் 200 சதுர மீட்டர் வரை நிலவரி மதிப்பு ஆறில் ஒரு பங்காகக் குறைக்கப்படுகிறது. வீட்டை இடித்தால் அந்தச் சலுகை போய்விடும். இடிக்கும் செலவும் நம் தலையில்தான். இடியும் நிலையில் உள்ள வீடுகளுக்கு இச்சலுகையை நீக்க 2015-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் வழிசெய்தது. பராமரிப்புக் குறைந்த வீடுகளையும் 2023-இல் அதன்கீழ் கொண்டுவந்தார்கள். அடுத்த சிக்கல் பெயர் மாற்றம். வாரிசுரிமைப் பதிவு 2024 ஏப்ரல் 1 முதல்தான் கட்டாயமானது. அதற்கு முன் மூன்று தலைமுறையாகக் கொள்ளுத்தாத்தா பெயரிலேயே கிடந்த மனைகள் ஏராளம். எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்டால்தான் விற்க முடியும். அவர்களுள் சிலர் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. நண்பரின் விஷயத்தில் பங்குதாரர் பதினான்கு பேர்.

வேண்டாத நிலத்தை அரசிடமே ஒப்படைக்கும் முறை 2023 ஏப்ரலில் வந்தது. ஆனால், கட்டடம் உள்ள நிலத்தை அரசு ஏற்பதில்லை. ஆக, முதலில் இடித்தாக வேண்டும். வயலை வாங்குவதற்கு உள்ளூர் வேளாண் குழுவின் அனுமதி தேவை. வாங்குபவரிடம் பொதுவாக அரை ஹெக்டேர் நிலமாவது இருக்க வேண்டும் என்ற விதி 2023 வரை இருந்தது. வீட்டையும் அதைச் சூழ்ந்த சிறு வயலையும் வெளியூரார் சேர்த்து வாங்க முடியாமல் போனது இதனால்தான்.

இவை யாவற்றுக்கும் மேல், வீட்டினுள் முன்னோரின் வழிபாட்டுப் பேழை இருக்கிறது, அருகில் கல்லறை இருக்கிறது. ஆகஸ்டில் முன்னோரை நினைவுகூரும் ஒபோன் நாட்களில் இரண்டு நாள் கதவு திறக்கப்படும். அதனால் குடும்பத்தார் மனத்தில் அது கைவிடப்பட்ட வீடு ஆகாது. 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஏறத்தாழ 90 லட்சம் வீடுகள் ஆளின்றி இருந்தன. அந்தக் கணக்கு குடியிருப்புகளை எண்ணுவது. தொழுவங்களும் களஞ்சியங்களும் அதில் இடம்பெறா.

மூன்றாம் பதில்:

வடகோடித் தீவான ஹொக்கைதோவின் கதை இதிலிருந்து மாறுபட்டது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே வீடுகள் கூட்டமாக இல்லாமல் வயல்களுக்கு நடுவே தனித்தனியாக அமைந்தவை. ஒரு குடும்பம் பண்ணையை விட்டுச் சென்றால் அண்டைப் பண்ணைக்காரர் நிலத்தை எடுத்துக்கொள்வார். கட்டடங்கள் மட்டும் பசும்புல்லுக்கு நடுவே அனாதையாக நிற்கும். 1963-இல் நாட்டில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பால் பண்ணைக் குடும்பங்கள் இருந்தன. 2024-இல் ஏறத்தாழ 12,000. பண்ணை பெரிதானதும், தீவனப்புல்லைச் செங்கல் கோபுரத்தில் நிரப்பும் வேலையும் நின்றது. இப்போது புல்லை உருளையாகச் சுருட்டி நெகிழித்தாளில் பொதிந்து வெளியிலேயே வைத்துவிடுகிறார்கள். பனியைத் தள்ளுவார் இல்லாததால் மரக்கொட்டகை ஆண்டுக்கு ஆண்டு சரிகிறது. கோபுரம் மட்டும் தனியே எஞ்சுகிறது.

கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாட்டின் அறை என்ற சொல்லைப் படித்ததும் அந்தக் கொட்டகை மறுபடியும் கண்முன் வந்தது. இன்னும் ஒன்று கேட்கலாமா? சில வீடுகளில் செங்குத்தான கூரை முழுவதும் தகரம் போர்த்தியிருந்தது. ஓடு போடாமல் ஏன் தகரம்?

முதல் பதில் எழுதியவர்:

தகரத்தின் உள்ளே பழைய புல்கூரை அப்படியே இருக்கும். சுசுகி என்னும் நெடும்புல்லால் வேய்ந்த கூரையை இருபது, முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊரே திரண்டு மாற்ற வேண்டும். இன்று உன் வீடு, நாளை என் வீடு என்ற அந்த முறைக்கு யுய் என்று பெயர். வீட்டின் நடுவில் எந்நேரமும் எரிந்த கணப்பின் புகைதான் அந்தப் புல்லை உலர்த்திப் பூச்சியையும் அண்டவிடாமல் காத்தது. சமையல் எரிவாயு வந்ததும் கணப்பு அணைந்தது, புல் மக்கத் தொடங்கியது. யுய்க்கு வர இளைஞர்களும் ஊரில் இல்லை. ஆகவே தகரத்தைப் போர்த்தினார்கள். அடுத்த முறை செல்லும்போது கூரையின் விளிம்பைக் கீழிருந்து பாருங்கள். தகரத்துக்கு அடியில் ஒரு முழத் தடிமனுக்குப் புல் அடுக்கு தெரியும். அடிப்பக்கம் இன்னமும் புகையேறிக் கறுத்திருக்கும்.