எஞ்சின் நின்னா சின்ன ஹெலிகாப்டர் எப்படி இறங்குது? தம்பி ஆர்-22 கத்துக்கப் போறான்

கலைவாணி_திருச்சி:
வணக்கம். என் தம்பி ஆஸ்திரேலியாவில் ஹெலிகாப்டர் பைலட் பயிற்சியில் சேர்ந்திருக்கான். ராபின்சன் ஆர்-22, ரெண்டு சீட், ஒரே எஞ்சின். போன வாரம் அவனே ஒரு வீடியோ அனுப்பினான். அதே மாதிரி ஹெலிகாப்டர் ஒண்ணு, பறந்துட்டு இருக்கும்போது எஞ்சின் பவர் போய் ஒரு புல்வெளியில் இறங்குது. கொஞ்ச தூரம் சறுக்கி நிக்குது, உள்ளே இருந்த ரெண்டு பேரும் நடந்து வெளியே வர்றாங்க. அவன் பெருமையா அனுப்பினான். அம்மா பார்த்ததிலிருந்து சரியாச் சாப்பிடுறதே இல்லை. விமானத்துக்காவது இறக்கை இருக்கு, மிதந்து வந்துடும். இதுல எஞ்சின் நின்னா மேலே சுத்துறதும் நின்னுடாதா? அந்த ரெண்டு பேரும் பிழைச்சது அதிர்ஷ்டமா, இல்ல எல்லாரும் கத்துக்கிற விஷயமா? அம்மாகிட்ட சொல்லணும். வெறும் சமாதானம் வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்க.

சீட்டா_டெக்னீஷியன்:
தங்கச்சி, மேலே சுத்துறது நிக்காது. எஞ்சினுக்கும் மேலே சுத்துற ரோட்டாருக்கும் நடுவில் ஃப்ரீவீல்னு ஒரு அமைப்பு இருக்கு. எஞ்சின் வேகம் குறைஞ்ச உடனே அது ரோட்டாரைத் தனியா விட்டுடும். பைலட் இடது கையில் இருக்கிற கலெக்டிவ்ங்கிற நெம்புகோலை அப்பவே கீழே இறக்கணும். இறக்கினா பிளேடுகளோட சாய்வு குறையும். ஹெலிகாப்டர் கீழே வரும்போது அடியிலிருந்து மேலே ஏறுற காத்தே ரோட்டாரைச் சுத்த வைக்கும். தணக்கு மரத்து விதை உதிரும்போது ரெண்டு இறக்கையும் சுழல நிதானமா இறங்குமே, அம்மா பார்த்திருந்தா அதைச் சொல்லுங்க. இதுக்குப் பேர் ஆட்டோரொட்டேஷன். வால் ரோட்டாரும் பெரிய ரோட்டாரோட சேர்ந்தே சுத்துறதால பெடல் கட்டுப்பாடும் கையை விட்டுப் போகாது.

நான் ராணுவத்தில் சீட்டா, சேதக் ஹெலிகாப்டர் ரெண்டுலயும் வேலை பார்த்தவன். ரோட்டார் வேலை முடிஞ்சா சோதனைப் பறப்பில் நாங்களும் ஏறுவோம். நல்ல உயரத்துக்குப் போனதும் பைலட் கலெக்டிவை முழுசா இறக்குவார். வயிறு மேலே ஏறுற மாதிரி ஒரு கணம் இருக்கும். அப்புறம் சத்தம் மாறிடும், எஞ்சின் இரைச்சல் அடங்கி காத்து கிழிபடுற சத்தம் மட்டும் கேட்கும். என் கண் ரோட்டார் வேகமானியிலேயே இருக்கும். ஊசி சொல்ற இடத்தில் நிக்கலைன்னா கீழே வந்து பிளேடு சாய்வை மாத்துற பிட்ச் ராடைத் திருகிச் சரி பண்ணிட்டு மறுபடி ஏறணும். எஞ்சின் இல்லாத நேரத்தில் ரோட்டார் சரியான வேகத்தில் சுத்துதான்னு பார்க்கிறதுக்காகவே இப்படி ஒரு சோதனை வெச்சிருக்காங்க. அதனால அந்த ரெண்டு பேர் பிழைச்சதை அதிர்ஷ்டம்னு மட்டும் சொல்ல எனக்கு மனசு வராது.

இன்னொண்ணும் அம்மாகிட்ட சொல்லுங்க. நம்ம சீட்டா, பிரான்ஸ்காரங்க நம்ம ராணுவத் தேவைக்காகவே உருவாக்கின லாமா ஹெலிகாப்டர்தான். 1972 ஜூன் 21-ல் பிரெஞ்சு பைலட் ஜான் பூலே அந்த லாமாவை 12,442 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் உலக சாதனை படைச்சார். இறங்க ஆரம்பிச்சு பவரைக் குறைச்சதும் அந்தக் குளிரில் எஞ்சின் அணைஞ்சுபோச்சு. மறுபடி கிளப்ப முடியலை. எவரெஸ்ட்டை விட மூவாயிரம் மீட்டருக்கு மேல் உயரம் அது. அங்கிருந்து தரை வரைக்கும் ஆட்டோரொட்டேஷன்லயே வந்து பத்திரமா இறங்கினார்.

தெற்குக்காற்று:
அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஆனா ஆர்-22 வேற மாதிரி, அதையும் சொல்லியாகணும். நான் ஆர்-22-ல் கத்துக்கிட்டு இப்போ அதோட நாலு சீட் அண்ணன் ஆர்-44 ஓட்டுறேன்.

ஆர்-22 ரோட்டார் ரொம்ப லேசானது, சேமிச்சு வெச்சிருக்கிற சுழற்சி கம்மி. எஞ்சின் போனதும் மூக்கு இடது பக்கம் திரும்பும், சத்தம் மாறும். அந்தக் கணமே கலெக்டிவ் கீழே போகணும். ஓரிரு நொடி தயங்கினாலும் ரோட்டார் வேகம் சரிஞ்சுடும். 97 சதவீதத்துக்குக் கீழே வந்தா ஹாரன் அலறும். 80-ஐ ஒட்டி இறங்கிட்டா பிளேடு காத்தைப் பிடிக்காது, அப்புறம் மீட்க வழியில்லை. இந்த மாதிரி ஆபத்துகளுக்காகத்தான் 1995-ல் அமெரிக்க விமானத் துறை ஆர்-22, ஆர்-44 ஓட்டுறவங்களுக்குத் தனிப் பயிற்சி விதியே கொண்டுவந்தது.

கலெக்டிவ் இறங்கின பிறகு வேகத்தை 65 நாட்டிக்கல் மைலில் (மணிக்கு சுமார் 120 கிலோமீட்டர்) பிடிக்கணும், காத்துக்கு எதிரே திரும்பணும், இடம் பார்க்கணும். ஆயிரம் அடியிலிருந்து தரைக்கு அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல்தான் கிடைக்கும். சுமார் 40 அடியில் மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொல்லணும். 8 அடி வாக்கில் மட்டமாக்கி, தரை தொடுறதுக்குச் சற்று முன்னாடி கலெக்டிவை மேலே இழுக்கணும். ரோட்டாரில் மிச்சமிருக்கிற சுழற்சி முழுக்க அந்த ஒரே இழுப்பில் செலவாகிடும், ரெண்டாவது தடவை கிடையாது. வீடியோவில் சறுக்கிட்டுப் போனதைப் பார்த்து அம்மா பயந்திருப்பாங்க. மூக்கு நேரா இருந்து தரையும் மட்டமா இருந்தா அது நல்ல இறக்கம்தான்.

கலைவாணி_திருச்சி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அப்படியே அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அம்மா கேட்கிறது ஒண்ணே ஒண்ணு: நல்லா ஓடிட்டு இருக்கிற எஞ்சின் ஏன் திடீர்னு நிக்கணும்?

தெற்குக்காற்று:
அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. எரிபொருள், பாகப் பழுது எல்லாம் உண்டு, ஆனா தம்பி தினமும் கவனிக்க வேண்டியது கார்புரேட்டர் ஐஸ். ஆர்-22 எஞ்சினில் பெட்ரோலையும் காத்தையும் கலக்கிற கார்புரேட்டர் இருக்கு. உள்ளே பெட்ரோல் ஆவியாகும்போது காத்து சட்டுனு குளிரும். காத்துல ஈரம் இருந்தா, வெளியே 20, 25 டிகிரி வெயிலடிச்சாலும் உள்ளே பனிக்கட்டி பிடிக்கும். பவர் குறைச்சு இறங்கும்போதுதான் இது அதிகம். மோசம் என்னன்னா, ஐஸ் பிடிச்சு காத்து குறையக் குறைய கவர்னர்ங்கிற கருவி தானாவே த்ராட்டிலைத் திறந்துவிட்டு வேகத்தைச் சமமா வெச்சுக்கும். பைலட்டுக்கு எதுவுமே தெரியாது. இனித் திறக்க இடமில்லைங்கிற நிலை வரும்போது எஞ்சின் படுத்துடும்.

கார்புரேட்டர் வெப்பமானியில் மஞ்சள் பட்டை இருக்கும். ஊசி அதுக்குள்ளே வராதபடி சூடான காத்தைத் திறந்துவிடணும். பவரை ரொம்பக் குறைச்சு இறங்கும்போது மட்டும் ஊசியை நம்பாம முழுசாத் திறந்துடணும். எஞ்சின் தடுமாறின பிறகு திறந்தா நேரம் கடந்திருக்கும்.

சீட்டா_டெக்னீஷியன்:
உயரம் பத்தி யாரும் பேசலை. உள்ளதைச் சொல்லுங்கன்னு கேட்டதால சொல்றேன். நல்ல உயரத்தில் முன்னோக்கிப் பறக்கும்போது எஞ்சின் போனா நேரம் இருக்கு. பத்தடியில் மிதக்கும்போது போனாலும் சமாளிக்கலாம். நூறு, இருநூறு அடியில் அசையாம நிக்கும்போது போனாத்தான் கஷ்டம். வேகமும் இல்லை, காத்து ரோட்டாரைப் பிடிச்சுச் சுத்த வைக்கிறதுக்குள்ளே தரை வந்துடும். ஒவ்வொரு ஹெலிகாப்டர் கையேட்டிலும் உயரத்தையும் வேகத்தையும் வெச்சு ஒரு படம் போட்டு, தவிர்க்க வேண்டிய பகுதியைக் காட்டியிருப்பாங்க. ஆஸ்திரேலியாவில் மாடு மேய்க்க ஆர்-22 தாழ்வா, மெதுவாப் பறக்கும். தம்பி லைசென்ஸ் வாங்கினதும் அந்த வேலைக்குக் கூப்பிடுவாங்க. அனுபவம் சேர்ற வரைக்கும் போக வேண்டாம்னு அக்கா நீங்க சொன்னா கேட்பான்.

கலைவாணி_திருச்சி:
மாடு மேய்க்கிற வேலை பத்தி அவன் ஏற்கெனவே பேசிட்டு இருக்கான். இன்னைக்கு ராத்திரி போன் பண்ணும்போது அந்தப் படத்தையும் மஞ்சள் பட்டையையும் எனக்கு விளக்கச் சொல்லிக் கேட்கப் போறேன்.