ஏர்வாடி பக்கம் 150 ஏக்கரில் பேரீச்சை: வெளிநாட்டு நிபுணரை நம்பி இறங்கலாமா?

அபுதாபி கீழக்கரையான்:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் கீழக்கரை, வேலை அபுதாபியில். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஊர்ப்பக்கம் பெரிய அளவில் தோட்டம் போட நினைக்கிறோம். ஏர்வாடிக்கும் சிக்கலுக்கும் நடுவே தரவையும் (உவர்த் தரிசு) கருவேலங்காடுமாக 150 ஏக்கர் ஒரே துண்டாகக் கிடைக்கிறது என்கிறார் புரோக்கர். இங்கிருந்தே திசு வளர்ப்புப் பேரீச்சைக் கன்று கொண்டுவரத் திட்டம். பர்ஹி ரகம், ஏக்கருக்கு 60 கன்று, முழுக்கச் சொட்டுநீர்.

இங்கே பெரிய பேரீச்சைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்ட ஒரு நிபுணர் கூடவே இருக்கிறேன் என்கிறார். வருடத்துக்கு இரண்டு தடவை நேரில் வருவார், மற்றபடி வீடியோ காலில். ரிப்போர்ட்டும் கொடுத்துவிட்டார். உரம், வெட்டு, பேக்கிங் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. தண்ணீருக்கு மட்டும் "போர்வெல் 8" என்று ஒரே வரி. கேட்டால், "பேரீச்சை உப்பைத் தாங்கும், உங்கள் ஊர்தான் சரியான இடம்" என்கிறார். கூட்டாளிகளில் ஒருவர் மலேசியக் குடியுரிமை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

உச்சிப்புளி தோப்புக்காரர்:

தம்பி, உங்கள் பணம் மொத்தமும் அந்த "போர்வெல் 8" வரியில்தான் இருக்கிறது. மற்ற பக்கங்களை அப்புறம் படிக்கலாம்.

நம் கடற்கரையில் நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது? உச்சிப்புளி, இருமேனி, பெருங்குளம் பக்கத்து மணல்மேட்டில். மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் கிடக்கிற உப்புத்தண்ணீர்மேல் எண்ணெய் மாதிரி மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. அதையே திருப்பிப் போடுங்கள். மோட்டார் வைத்து மேலே ஒரு அடியை இறக்கினால், காலப்போக்கில் கீழிருந்து 40 அடி உப்பு ஏறி வரும்.

எங்கள் தோப்பில் கிணறு பத்துப் பன்னிரண்டு அடிதான், சிமெண்ட் உறை இறக்கியது. காலையில் கொஞ்ச நேரம், சாயந்திரம் கொஞ்ச நேரம், நடுவில் ஊற விட்டுவிடுவோம். பக்கத்துத் தோப்பில் ஒருவர் ஆழமாகப் போர் இறக்கிப் பகல் முழுக்க ஓட்டினார். முதல் கோடையில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த கோடையில் மட்டை நுனி கருகியது, குரும்பை கொட்டியது, அவர் வீட்டில் டீ உப்புக் கரித்தது. போரை நிறுத்தியும் தண்ணீர் திரும்பவில்லை.

அந்த மணல் பகுதியில் 150 ஏக்கர் ஒரே துண்டாகக் கிடைக்காது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று வேலி வேலியாகப் பிரிந்து கிடக்கும். ஒரே துண்டாகக் கிடைக்கிறது என்றால் அங்கே நல்ல தண்ணீர் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். இருந்தால் நம் ஆட்கள் அதைக் கருவேலத்துக்கு விட்டிருப்பார்களா?

நிபுணர் சொன்னது பொய் இல்லை. வேர் நிற்கிற மண்ணில் ஈ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன்) 4 வரை பேரீச்சை மகசூல் குறையாது. அதற்கு மேல் போனால் காய் குறையும், மரம் சட்டென்று சாகாது. ஆனால் இளங்கன்று அவ்வளவு தாங்காது. அவர் பழகியது மணல் நிலமாக இருக்கும், கூடுதலாகத் தண்ணீர் விட்டால் உப்பு கழுவிக் கீழே போய்விடும். தரவையில் அடியில் களி. விட்ட தண்ணீர் இறங்காது, காய்ந்ததும் மேலே வெள்ளையாக உப்பு பூக்கும். இதை அவரிடம் கேளுங்கள். களிமண்ணில் வடிகால் எப்படி எடுப்பார், எடுத்த உப்புத்தண்ணீரை எங்கே விடுவார்? பக்கத்துக் கண்மாயில் விட்டால் ஊர் சும்மா இருக்காது.

மழை விஷயத்தில் கவலை குறைவு. பர்ஹியைச் செங்காயாகவே சாப்பிடலாம், ஆடி ஆவணிக்குள் வெட்டிவிட்டால் ஐப்பசி மழைக்கு முன் முடிந்துவிடும். ஆனால் பாளை வெடிக்கும்போது ஒவ்வொரு மரத்துக்கும் ஆள் ஏறி மகரந்தம் தூவ வேண்டும். கன்று சின்னதாக இருக்கும்போதே ஆள் பழக்குங்கள். அப்புறம் சிவப்புக் கூன்வண்டு. அது நம் பக்கத்துப் பூச்சிதான், வளைகுடாவுக்கு 1980களில்தான் போய்ச் சேர்ந்தது. தண்டில் காதை வைத்தே புழு இருக்கிறதா என்று சொல்கிற தென்னை ஏறிகள் இங்கே இருக்கிறார்கள். அந்த ஒரு வேலைக்கு வெளியாள் தேவையில்லை.

மண்டபம் பாசிக்காரம்மா:

வெளிநாட்டுச் சரக்கு நம் கடலுக்குப் புதுசில்லை தம்பி. நாங்கள் தெப்பத்தில் வளர்க்கிற கப்பாபைகஸ் பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி. எங்கள் ஊரில் இன்னும் பெப்சிப் பாசி என்றுதான் சொல்வார்கள். மண்டபத்தில் இருக்கிற மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையத்தார் 1990களிலேயே வைத்துப் பார்த்து, அதற்கப்புறம்தான் சுய உதவிக் குழுக்கள் கைக்கு வந்தது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பம், 45 நாளில் அறுப்பு. நல்ல காசு பார்த்தோம். கடல் சூடேறிய வருடங்களில் பாசி வெளுத்து உதிர்ந்ததையும் பார்த்தோம், அடுத்த கட்டுக்கு விதைப்பாசி தேடி அலைந்தோம். குருசடைத் தீவில் பவளப்பாறைமேல் அது படர்ந்துவிட்டது என்று 2008இல் ஆராய்ச்சிக்காரர்களே எழுதினார்கள். அதனால் 150 ஏக்கர் என்று எடுத்தவுடன் பேசாதீர்கள். இரண்டு ஏக்கர் போட்டு ஒரு கச்சான் (தென்மேற்குக் காற்றுக் காலம்), ஒரு வாடை (வடகிழக்குக் காற்றுக் காலம்) தாண்டட்டும்.

பத்திரம் பார்ப்பவன்:

தண்ணீருக்கு முன்னால் ஒரு தடை இருக்கிறது. ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம்) விதிப்படி மலேசிய நண்பர் மட்டுமில்லை, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரான நீங்களும் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வேறு கதை. அதோடு 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம். ஐந்து பேர் வரை உள்ள குடும்பத்துக்கு 15 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடுகிற ஏக்கர்). புஞ்சைக்குக் கணக்குக் கூடும், ஆனாலும் 150ஐ ஒரே கையில் வைத்திருக்க வழி குறைவு. கம்பெனி பெயரில் போட்டாலும் அந்தச் சட்டம் விடாது. ஊரில் நிலம் உள்ளவர்களோடு ஒப்பந்தச் சாகுபடி செய்யலாம், அதற்கு 2019இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. கன்று இறக்குமதி செய்ய முன்கூட்டியே அனுமதியும், அந்த நாட்டுத் தாவர நலச் சான்றும் வேண்டும். புரோக்கர் இதையெல்லாம் சொன்னாரா?

அபுதாபி கீழக்கரையான்:

சொல்லவில்லை. நான் வாங்கவே முடியாது என்பது எனக்கே புதுசு. வாப்பா பெயரில் திருப்புல்லாணி பக்கம் மூன்று ஏக்கர் புஞ்சை இருக்கிறது, அதில் ஆரம்பிக்கலாம் போல. அண்ணே, தண்ணீர் சோதனை எப்படி எடுப்பது? பாட்டிலில் பிடித்து லேபில் கொடுத்தால் போதுமா?

உச்சிப்புளி தோப்புக்காரர்:

ஒரு பாட்டில் போதாது. ஐப்பசியில் எடுத்தால் எல்லாத் தண்ணீரும் இனிக்கும், அதனால் வைகாசியில் எடுங்கள். மோட்டாரைப் போட்டதும் ஒரு பாட்டில், பிறகு சாயந்திரம் வரை மணிக்கு ஒரு பாட்டில், ஒவ்வொன்றிலும் நேரம் எழுதி ஒட்டுங்கள். ராமநாதபுரத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, மண்ணையும் அங்கே காட்டுங்கள். காலைப் பாட்டிலுக்கும் சாயந்திரப் பாட்டிலுக்கும் ஈ.சி. ஏறிக்கொண்டே போனால் நிபுணருக்கு அந்த எண்களை அனுப்புங்கள், ரிப்போர்ட்டை அவரே திருத்தட்டும். 150 ஏக்கரையும் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அங்கேயும் இதே சோதனைதான். மதியத்துக்கு மேல் "போதும், மோட்டார் சூடாகிவிட்டது" என்று புரோக்கர் சொல்வார். நிறுத்தாதீர்கள்.